பாழ்கிணறும் இரண்டு பிரதிக் கடிதமும்: வாயில்லாச் சீவன்களுக்காகப் பேசப் பழகுவது

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணம் பண்ணைப் பாலத்தடியில் நிற்கிறேன். காலை ஆறே முக்கால். மாரிக் காற்று இரைகிறது, சத்தம் கொஞ்சம் குழம்பும், பொறுத்துக்கொள்ளுங்கள். எட்டரைக்கு ஒரு கடிதம் கொடுக்கப் போக வேண்டும். அதற்கு முதல், கொஞ்ச நாளாக நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம் என்று வந்தேன்.

"அண்ணா, வாயில்லாச் சீவன்களுக்கு ஏதாவது செய்ய ஆசை. எங்கே தொடங்குவது? நாங்கள் சொன்னால் யார் கேட்பார்கள்?" பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட இதைக் கேட்கிறார்கள். கேட்பார்கள் பிள்ளைகளே. ஆனால் கேட்க வைக்கிற மாதிரிச் சொல்லப் பழக வேண்டும். எனக்கு அது பழகச் சில வருடம் பிடித்தது.

நான் தொடங்கியது கோபத்தில். ஒரு இரவு, தீவகப் பக்கமிருந்து வந்த பட்டா வாகனம், அதுதான் சின்ன லொறி, ஒன்றில் மாடுகளை அடுக்கியிருந்தார்கள். அடுக்கியிருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒன்றின் கழுத்து மற்றதன் வயிற்றுக்குக் கீழே. பலகை இடைவெளியால் ஒரு கண் மட்டும் தெரிந்தது, அதிலிருந்து தண்ணீர் வழிந்தபடி இருந்தது. கைபேசியில் எடுத்தேன், முகநூலில் போட்டேன், வாயில் வந்ததையெல்லாம் எழுதினேன். கனபேர் பகிர்ந்தார்கள். மறுநாள் முறைப்பாடு கொடுக்கப் போனேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "தம்பி, வாகன இலக்கம் என்ன? எத்தனை மணி? எந்த இடம்?" காணொளியில் இலக்கத் தகடு இருட்டுக்குள் இருந்தது. நேரம் சரியாக நினைவில்லை. மாட்டை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு ஏற்றிக்கொண்டுபோக அனுமதிப்பத்திரம் வேண்டும், அதற்கு 1958ஆம் ஆண்டிலிருந்தே விலங்குகள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அந்த மாடுகளுக்கு என் கோபத்தால் ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை. அந்தக் கண் இன்னும் எனக்குள் இருக்கிறது.

அன்றைக்குப் பிறகுதான் இந்தக் கொப்பி. பாருங்கள், சாதாரண எண்பது பக்கக் கொப்பி. திகதி, நேரம், இடம், அருகில் எந்தச் சந்தி, என்ன விலங்கு, எந்த நிலையில் இருந்தது, கூட யார் பார்த்தது, இவ்வளவும் எழுதுவேன். காணொளியை வெட்டாமல், ஒட்டாமல், பாட்டுப் போடாமல் அப்படியே ஒரு பிரதி வைத்திருப்பேன். வாட்ஸ்அப்பில் வந்து போனால் படம் தெளிவு குறைந்துவிடும், எப்போது எடுத்தது என்ற விபரமும் போய்விடும். அதனால் மூலப் படத்தை அழிக்கவே கூடாது. நீங்கள் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். "அவர் வேண்டுமென்றுதான் அடித்தார்" என்று எழுதாதீர்கள். "மூன்று தரம் தடியால் அடித்தார்" என்று எழுதுங்கள். முதலாவது உங்கள் எண்ணம், இரண்டாவதுதான் சாட்சி.

சரி, கிணற்றுக் கதைக்கு வருகிறேன். இதைத்தான் இன்றைக்கு ஆறுதலாகச் சொல்ல நினைத்தேன்.

யாழ்ப்பாணத்தில் ஆளில்லாத வளவுக்குள் சுற்றுக்கட்டுச் சுவர் இல்லாத கிணறு எத்தனை என்று உங்கள் ஒழுங்கையிலேயே எண்ணிப் பாருங்கள். சுண்ணக்கல்லை வெட்டி இறக்கிய கிணறு. சனம் இடம்பெயர்ந்து போனது, வேலி விழுந்தது, பற்றை மூடியது. மழை பெய்து புல் முளைத்தால் மாடு மேய வரும். விளிம்பு எதுவென்று அதற்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு கிணற்றுக்குள் ஒரு பசுக்கன்று விழுந்தது. பின்னேரத்திலிருந்து தாய்ப்பசு கத்திக்கொண்டே இருந்ததாம். நாங்கள் போகும்போது இரவு ஒன்பது மணி. டோர்ச் அடித்துப் பார்த்தால், கழுத்தளவு தண்ணீரில் மூக்கை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு நின்றது. கல்லில் முன்காலை ஊன்றி ஊன்றிக் குளம்பு தேய்ந்திருந்தது. ஒரு தம்பி இடுப்பில் கயிறு கட்டி இறங்கினான். இரண்டு உரப்பையைப் பிரித்து வயிற்றுக்குக் கீழால் கொடுத்துத் தொட்டில் மாதிரிக் கட்டினோம். வெறும் கயிற்றால் கட்டி இழுத்தால் விலா எலும்பு உடைந்துவிடும். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தோம். மேலே வந்ததும் தாய் ஓடி வந்து நக்கத் தொடங்கியது. ஒருவரும் கதைக்கவில்லை.

கன்று தப்பியது. ஆனால் அதே கிணற்றில் முந்தி இரண்டு நாய்கள் செத்துக் கிடந்ததாக அயலில் சொன்னார்கள். அப்படியானால் இந்தக் கன்றைத் தூக்கியதோடு வேலை முடியவில்லையே.

ஒரு கடிதம் எழுதினேன். ஒரு பக்கம்தான். கிணறு எங்கே, எத்தனை அடி விட்டம், இதுவரை என்னென்ன விழுந்தது, என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறோம். அந்தக் கடைசி வரி முக்கியம். "தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதினால் வாங்குகிறவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. "சுற்றிவர மூன்றடி கட்டு, மேலே கம்பி வலை" என்று எழுதினேன். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரை குத்தி வாங்கினேன். மூன்று தரம் போனேன். தனியார் காணி, உரிமையாளர் நாட்டில் இல்லை, எங்களால் கை வைக்க முடியாது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

வழி திறந்தது பக்கத்து வீட்டு அம்மாவால். "அவை என்னோட இப்பவும் போனில் கதைக்கிறவை" என்று நம்பரைத் தந்தார். கனடாவில் இருக்கும் ஒரு ஐயா. நான் எடுத்தவுடன் கிணற்றைப் பற்றிக் குறை சொல்லியிருந்தால் அவர் தொலைபேசியை வைத்திருப்பார். "ஐயா, உங்கள் வளவு மாமரம் இந்த முறை நல்லாய்ப் பூத்திருக்கு" என்று தொடங்கினேன். உண்மையாகவே பூத்திருந்தது. அந்தக் கிணறு அவருடைய அப்பா வெட்டியதாம். அதில் விழுந்து சீவன்கள் சாகின்றன என்று கேட்டதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அடுத்த கிழமை காசு வந்தது, மேசனும் வந்தார். கிராம சேவகர் தானே வந்து பார்த்துவிட்டு, "வேறு எங்கெங்கே இருக்கு, எழுதித் தாருங்கள்" என்றார். பதினொரு கிணறு எழுதிக் கொடுத்தோம். இதுவரை ஏழுக்குக் கட்டு வந்துவிட்டது.

யாரிடம் போவது என்று தெரிந்திருப்பது பாதி வேலை. வீட்டு விலங்கை வதைத்தால் பொலிஸ், 119. கூடவே அரச கால்நடை வைத்தியர். வனசீவன் என்றால் வனசீவராசிகள் திணைக்களம், 1992 என்ற இலக்கம். உடும்பு, கடலாமை, கடற்பசு எல்லாம் அதற்குள் வரும். எங்கள் ஊரில் உடும்பு இறைச்சிக்கு மருந்துக் கதை சொல்லுகிறவர்கள் உண்டு, தயவுசெய்து அதை நம்பாதீர்கள். வனசீவன்களுக்கான கட்டளைச் சட்டம் 1937இல் வந்தது, பிறகு பல தரம் திருத்தினார்கள், தண்டனையும் கூடியது. வீட்டு விலங்குகளுக்கு இன்னும் நாங்கள் பிடித்துக்கொண்டிருப்பது 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம். அதில் ஆகக் கூடிய தண்டப்பணம் நூறு ரூபாய். நூறு ரூபாய், உறவுகளே. சிறைத்தண்டனை மூன்று மாதம் வரை கொடுக்கலாம். புதிய சட்டத்துக்கான வரைவைச் சட்ட ஆணைக்குழு 2006இலேயே எழுதிக் கொடுத்தது. உங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் வாக்குக் கேட்டு வரும்போது, வீதி, வேலை எல்லாம் கேட்கிற இடத்தில் இதையும் கேளுங்கள். ஒருவர் கேட்டால் சிரித்துவிட்டுப் போவார். இருபது வீட்டில் கேட்டால் குறித்துக்கொள்வார்.

அடுத்தது கடல். வடமராட்சி கிழக்கில் ஒரு அண்ணையோடு கரையில் இருந்து கதைத்தேன். வலையில் ஒரு பேராமை சிக்கி, அதை எடுக்க வலையை அறுத்திருக்கிறார். அறுத்த இடத்தை எனக்கு விரித்துக் காட்டினார், ஒரு ஆள் படுக்கலாம், அவ்வளவு பெரிய ஓட்டை. "தம்பி, நீங்கள் ஆமையைப் பற்றி வீடியோ போடுறீங்கள். இந்த ஓட்டையை ஆர் பொத்துறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ஆமைக்காகப் பேசுகிறோம் என்று சொல்கிற நாங்கள், ஆமையை விட்டுவிட்டு அன்றைய உழைப்பை இழந்து வந்தவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கிறோமா? அதற்குப் பிறகு கடலாமை பற்றி எங்கே கதைத்தாலும், வலை நட்டத்துக்கு ஏதாவது உதவி வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்கிறேன். ஆமை இறைச்சி விற்பவனைக் காட்டிக்கொடுக்க ஆள் கிடைப்பது கடினம். ஆமையைக் காப்பாற்றியவரை மாலை போட்டு மதித்தால் அந்தக் கரையே எங்கள் பக்கம் வரும்.

அவரிடமிருந்து ஒன்று படித்தேன், நீங்களும் தெரிந்துவைத்திருங்கள். ஆமைக்கு நுரையீரல்தான், மூச்செடுக்க மேலே வந்தாக வேண்டும். வலையில் கனநேரம் கிடந்தது அசையாமல் இருந்தால் செத்துப்போனது என்று கடலில் எறியாதீர்கள், மூழ்கிவிடும். நிழலில், வயிறு கீழே இருக்க வைத்து, பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஓட்டின் மேல் ஈரச்சாக்குப் போட்டுவிடுங்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீர் வடியும். சில மணித்தியாலம் கழித்துத் தலையைத் தூக்கும். அப்புறம் விடலாம். இலங்கைக் கரைகளில் ஐந்து இனம் முட்டையிட வருகின்றன. அவற்றில் ஒன்றான அழுங்காமையின் இறைச்சி சில வேளை நஞ்சாகி ஆளையே கொன்றுவிடும். சட்டத்துக்குப் பயப்படாதவர்கள்கூட இதைச் சொன்னால் காது கொடுக்கிறார்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் கதைக்க வேண்டும். எங்கள் சனத்திடம் போய்ச் சரணாலயம், தேசிய பூங்கா என்று சொன்னால் முகம் மாறும். போருக்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் தங்கள் காணிக்குள் எல்லைக் கல்லைக் கண்ட அனுபவம் இருக்கிறது. சுண்டிக்குளம் 1938இலிருந்தே பறவைகள் சரணாலயம். 2015இல் தேசிய பூங்காவாக்கினார்கள். அங்கே வருகிற பறவை எங்கள் செல்வம், அங்கே மீன்பிடிக்கிற சனமும் எங்கள் சனம். ஒன்றைக் காட்டி மற்றதை விரட்டினால் பறவையைச் சனம் எதிரியாகப் பார்க்கும். அதனால் நான் அப்படியான ஊர்களுக்குப் போனால் முதலில் காணிப் பிரச்சினையைக் கேட்பேன். அது முடிய ஒரு மணித்தியாலம் ஆகும். ஆகட்டும். அதற்குப் பிறகுதான் கொக்கு, நாரை.

இதோ, பின்னால் தெரிகிறதா? தண்ணீருக்குள் நிற்பவை. இந்தத் தூரத்தில்தான் நான் எடுக்கிறேன். பூநாரைக் கூட்டத்தின் மேல் ட்ரோன் விடுகிறவர்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன், வேண்டாம். நெடுந்தூரம் பறந்து வந்து இளைத்துப்போயிருக்கிற பறவை, நிம்மதியாக மேய்ந்து உடம்பு தேற்ற வேண்டிய நேரம் இது. ஒவ்வொரு தரம் எழுப்பும்போதும் தின்றது கரைகிறது. கூடு கட்டுகிற இடத்தையும் காணொளியில் சொல்லாதீர்கள். நானே ஒரு பழைய காணொளியை அதற்காக நீக்கினேன். தை மாதத்தில் ஆசியா முழுவதும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். எண்ணப் பழகினால், "கன பறவை வருகுது" என்பதற்குப் பதிலாக ஒரு தொகையைச் சொல்லலாம்.

கட்டாக்காலி மாடுகளுக்காகக் கேட்கிறவர்கள் நேரத்தையும் கவனியுங்கள். 2022 டிசம்பரில், மாண்டஸ் புயல் நாட்களில், வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் குளிரில் விறைத்துச் செத்தன. வெட்டவெளியில் ஒதுங்க இடமில்லாமல் நின்றவை. கொட்டகை கேட்க வேண்டியது ஐப்பசியில், மார்கழியில் அழுது பயனில்லை.

நாய்கள். 2006இலிருந்து தெருநாய்களைக் கொல்வது நிறுத்தப்பட்டது. அதற்கு ஈடாகக் கருத்தடையும் தடுப்பூசியும் ஒழுங்காக நடக்க வேண்டும். ஒரு இடத்தில் நூற்றுக்கு எழுபது நாய்களுக்குத் தடுப்பூசி போட்டால் விசர்நோய் பரவுவது நின்றுவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கடித்தால் உடனே சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள், கடித்ததை வீட்டில் ஒளிக்கிற பிள்ளைகள் உண்டு. இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளையின் நாய்கள் சரணாலயம் இருக்கிறது, ஆனால் எல்லா நாயையும் ஒரு இடம் தாங்காது. ஊர் ஊராகக் கருத்தடை நடந்தாக வேண்டும்.

அதற்குத்தான் எட்டரைக்குக் கொடுக்கப் போகிற இந்தக் கடிதம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கிறேன். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. கேள்வி மூன்று. கடந்த மூன்று வருடத்தில் நாய்க் கருத்தடைக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள்? எவ்வளவு செலவானது? எத்தனை நாய்களுக்குச் செய்தீர்கள்? 14 வேலை நாட்களுக்குள் தருவோமா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். பாருங்கள், இரண்டு பிரதி, ஒன்றில் முத்திரைக்கு இடம் விட்டிருக்கிறேன்.

ஏழே முக்கால் ஆகிறது. பதில் வந்ததும் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அப்படியே வாசித்துக் காட்டுகிறேன். உங்கள் ஒழுங்கைக் கிணறுகளை எண்ணினவர்கள் தொகையைக் கீழே எழுதிவிடுங்கள். வருகிறேன்.