பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள்

(கும்பகோணத்தில் ஓர் இசை வகுப்பின் ஆண்டு விழாவில் பேசியது. திரும்பத் திரும்பச் சொன்னவற்றை மட்டும் எழுத்தில் குறைத்திருக்கிறேன்.)

பெரியோர்களே, பெற்றோர்களே, மேடைக்குப் பின்னால் ஜிப்பாவும் பட்டுப் பாவாடையுமாகக் காத்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் ‘இளமையும் இசையும்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். ரொம்பப் பெரிய தலைப்பு. நான் மிருதங்கம் சொல்லிக் கொடுப்பவன். எனக்குத் தெரிந்த ஒரு மூலையை மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

விஜயதசமி அன்று பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் தாம்பாளத்தைக் கீழே வைப்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்பார்கள். “மிருதங்கம் கத்துக்கிட்டா கணக்கு நல்லா வருமாமே சார்?” எங்கேயோ வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். இதற்கு மூலம் எங்கே என்று தேடிப் போனால் பெரும்பாலும் அமெரிக்காவில் போய் நிற்கும். 1993-ல் கலிபோர்னியாவில் ஓர் ஆய்வு செய்தார்கள். 36 கல்லூரி மாணவர்களுக்கு மோட்சார்ட்டின் இசையைப் பத்து நிமிஷம் போட்டுக் காட்டி, உடனே ஒரு சோதனை வைத்தார்கள். காகிதத்தை மடித்து வெட்டிப் பிரித்தால் எப்படி இருக்கும் என்று ஊகிக்கும் வகைச் சோதனை. இசை கேட்டபோது மதிப்பெண் கொஞ்சம் கூடியது. அந்தக் கூடுதலும் கால் மணி நேரத்துக்குமேல் நிற்கவில்லை. குழந்தைகளை அவர்கள் சோதிக்கவே இல்லை. வாத்தியம் வாசிப்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் கிடையாது. ஆனாலும் செய்தி எப்படிப் பரவியது பாருங்கள். 1998-ல் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் ஒதுக்கச் சொல்லிக் கேட்டார்!

ஆகவே கணக்கு வர வேண்டும் என்றால் கணக்கு வாத்தியாரிடம் அனுப்புங்கள். அவரும் பிழைக்க வேண்டும்.

சரி, அப்புறம் எதற்கு இங்கே அனுப்புவது? பொறுமை வரும், ஒழுக்கம் வரும், பண்பு வரும் என்றும் நான் சொல்லப் போவதில்லை. சங்கீத உலகத்தில் கோபக்காரர்களும் பொறாமைக்காரர்களும் மற்ற இடங்களில் இருக்கிற அளவுக்கு இருக்கிறார்கள். போஸ்டரில் யார் பெயர் பெரிதாக இருக்க வேண்டும் என்று கச்சேரி அன்று காலையில் நடக்கும் சண்டைகளைப் பார்த்தவன் நான். வெறுமனே சங்கீதம் கற்றதால் ஒருவனுக்குக் குணம் வந்துவிடாது. ஆனால் ஒரு வேலை இருக்கிறது. அதைச் சின்ன வயதில் செய்தவனிடம் ஒரு மாற்றம் நிச்சயமாக வருகிறது. அது பாடுகிறவருக்குத் துணையாகப் பக்கவாத்தியம் வாசிக்கிற வேலை.

முதல் இரண்டு வருஷம் பிள்ளை தனியாகத்தான் வாசிக்கிறான். த தி தொம் நம். வலந்தலையில், அதாவது வலப்பக்கத்துத் தோலில், ஆள்காட்டி விரல் சரியான இடத்தில் விழுந்து, நாதம் கட்டையாகப் போகாமல் கணீரென்று வருவதற்கே மாதக்கணக்கில் ஆகும். தொப்பி என்கிற இடப்பக்கத்துத் தோலில் ரவையைப் பிசைந்து அப்பத் தெரிய வேண்டும். கொஞ்சம் கூடினால் தொம் அடைத்துக்கொள்ளும், குறைந்தால் பிளிறும். விரல் நுனி காய்த்துப்போகும். அப்புறம் ததிங்கிணதொம், ஒரு பகுதியை முடித்து வைக்கிற தீர்மானம், கணக்குப் போட்டுக் கோத்த கோர்வை, மூன்று காலம் என்கிற மூன்று வேகம். இந்தக் கட்டத்தில் அவனுக்குத் தெரிந்த உலகம் அவன், அவனுடைய கை, அப்புறம் நான். வேகமாக வாசிப்பவன் பெரியவன் என்று நினைத்துக்கொண்டிருப்பான். எல்லாப் பையன்களும் அப்படித்தான் நினைப்பார்கள், பெண்களும்தான்.

மூன்றாம் வருஷமோ நான்காம் வருஷமோ அவனை ஒரு பாட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைப்பேன். அன்றைக்கு அத்தனையும் தலைகீழாகிறது. கூடவே பாடுகிற பெண் அவன் மனப்பாடம் செய்த காலப்பிரமாணத்தில், அதாவது வேகத்தில், பாட மாட்டாள். பல்லவியை எத்தனை தடவை திருப்புவாள் என்று அவளுக்கே தெரியாது. பாட்டு வரியை மாற்றிப் பாடுகிற ஒரு சங்கதி மெல்லியதாக வரும்போது இவன் தடதடவென்று அடித்தால் அது யார் காதிலும் விழாது. வாசிக்காமல் இருக்க வேண்டிய இடம் என்று ஒன்று இருப்பதை அவன் அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சந்திக்கிறான்.

சில வருஷங்களுக்கு முன் நவராத்திரியில், பக்கத்துக் கிராமத்தில் ஒரு பிள்ளையார் கோயிலில் எங்கள் பிள்ளைகள் கச்சேரி. பாடிய பெண்ணுக்குப் பதினொரு வயது இருக்கும். மிருதங்கம் பதிமூன்று வயதுப் பையன். ஆதி தாளத்தில் ஒரு தியாகராஜர் கிருதி. தாளம் தொடங்குகிற இடம் சமம், பாட்டு தொடங்குகிற இடம் எடுப்பு. இதில் சமத்திலிருந்து ஒன்றரை எண்ணிக்கை தள்ளி எடுப்பு. பாட்டு நன்றாகப் போனது. ஸ்வரங்களை அந்தந்த நேரத்தில் கற்பனையாகப் பாடுகிற கல்பனாஸ்வரம் வந்தபோது, இரண்டாவது சுற்றில் அந்தப் பெண் ஸ்வரத்தைச் சமத்திலேயே முடித்துவிட்டு, எடுப்புக்குக் காத்திருக்காமல் பல்லவியைப் பிடித்துவிட்டாள். ஒன்றரை எண்ணிக்கை முன்னால் வந்துவிட்டாள். தொடையில் தாளம் போடுகிற கை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். வயலின் வாசித்த பையன் வில்லைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்கிறான். நான் கீழே ஜமக்காளத்தில், என்ன செய்ய முடியும்?

மிருதங்கக்காரன் அந்த இடத்துக்கென்று ஒரு தீர்மானம் வைத்திருந்தான். ஒரு வாரமாக வீட்டில் அதையே அடித்துக்கொண்டிருந்தான் என்பது அவன் தெருவுக்கே தெரியும். அதைத் தொடங்கவும் செய்தான். பாதியில் கையை எடுத்தான். ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, வெறும் நடையை, சத்தமே இல்லாமல், அவள் வாயையே பார்த்துக்கொண்டு வாசித்தான். அடுத்த ஆவர்த்தனத்தில் சரியான எடுப்பு வரும் இடத்தில் வலந்தலையும் தொப்பியும் சேர ஒரே ஒரு அடி. அவள் கண்ணைத் திறந்தாள். அதற்கடுத்த சுற்றில் பல்லவி இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. கோயிலில் இருந்த நூறு பேரில் ஐந்து பேருக்குக்கூட எதுவும் நடந்ததாகத் தெரிந்திருக்காது. சுண்டல் விநியோகம் தடையில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

கீழே இறங்கியதும் அவனுடைய அம்மா கேட்டார்: “வாரம் பூரா வீட்டுல அடிச்சியே, அதை ஏன்டா வாசிக்கலை?”

“அங்க அதுக்கு இடமில்லம்மா” என்றான். அவ்வளவுதான். அந்தப் பெண் இடம் தள்ளிவிட்டாள் என்று அவன் அம்மாவிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை.

ஒரு பதிமூன்று வயதுப் பையன், தான் உழைத்துச் சேர்த்து வைத்ததை, இன்னொரு பிள்ளை தடுமாறாமல் இருப்பதற்காகப் பாதியில் விட்டுக்கொடுக்கிறான். அதையும் அரை நொடியில் முடிவு செய்கிறான். இதை வகுப்பறையில் எந்தப் பாடத்தில் வைத்துச் சொல்லித் தருவது? அங்கே பக்கத்துப் பையனுக்கு விடை காட்டினால் வெளியே நிற்க வைப்பார்கள்.

பெரியவர்களும் இப்படி வந்தவர்கள்தான். வயலின் மேதை லால்குடி ஜெயராமன் 12 வயதில் பக்கவாத்தியமாக மேடையேறினார். அரியக்குடி, செம்பை, செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி ஐயர் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பாணிகளில் பாடியவர்களுக்கெல்லாம் வாசித்தார். பாடகர் ராகத்தை எந்தப் பக்கம் திருப்பப் போகிறார் என்று தெரியாமலே அவர் நிழலில் ஒரு இழை பின்னால் போக வேண்டும். தனக்கு முறை வரும்போது அவர் பாடியதைவிடக் கொஞ்சம் சுருக்கமாக வாசித்து நிறுத்த வேண்டும். லால்குடியின் வயலின் பாடுகிறது என்று பின்னாளில் உலகமே சொன்னதே, பாடுகிறவர்கள் பக்கத்தில் அத்தனை காலம் உட்கார்ந்து கேட்டதற்கு அதில் பெரிய பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் வாத்தியத்தில் பழனி சுப்பிரமணிய பிள்ளை. இடது கைக்காரர். மிருதங்கத்தின் வலந்தலை சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதால், வலது கைக்காரர் பாடகருக்கு வலப்பக்கம் உட்காருவார், வயலின் இடப்பக்கம். பழனி உட்கார வேண்டும் என்றால் வயலின் வித்வான் இடம் மாறியாக வேண்டும். நாலடி தள்ளி உட்காருவதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் மாற மாட்டேன் என்றவர்கள் இருந்தார்கள் என்று எங்கள் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் பழனியைத் தாங்கிப் பிடித்தார். விட்டுக்கொடுப்பது பக்கவாத்தியக்காரரின் தலையெழுத்து மட்டும் இல்லை, நடுவில் உட்காருபவருக்கும் கடமை என்று காட்டியவர் அவர். நம் பாட்டு வகுப்புப் பிள்ளைகள் இதைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

மரியாதை என்று பார்த்தால் பக்கவாத்தியத்துக்கு அது தாமதமாகத்தான் வந்தது. சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் ஒரு மிருதங்க வித்வானுக்கு முதன்முதலாகக் கிடைத்தது 1966-ல், பாலக்காடு மணி ஐயருக்கு. அதுவரை எத்தனை மேதைகள் பட்டம் இல்லாமலே வாசித்துவிட்டுப் போனார்கள்!

பெண் பிள்ளைகளுக்கு இன்னும் தாமதம். “பொண்ணுக்கு எதுக்கு சார் மிருதங்கம், வீணை போதுமே” என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் சிஷ்யை திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் 1910-ல் பிறந்தவர், மிருதங்கம் வாசித்தே பேர் வாங்கியவர். சுகன்யா ராம்கோபால் வயலின் கற்கப் போன இடத்தில் ஹரிஹர சர்மாவின் மிருதங்க வகுப்புச் சத்தம் காதில் விழுந்து அங்கே போய் உட்கார்ந்தார். பிறகு கடம் என்கிற பானை வாத்தியத்தைக் கற்றுத்தரச் சொல்லிக் கேட்டார். பெண்ணின் விரலுக்கு அது கஷ்டம் என்று கட மேதை விக்கு விநாயக்ராமே முதலில் தயங்கினாராம். இன்று கடம் என்றால் சுகன்யாவின் பெயரும் சேர்ந்துதான் வருகிறது. ஆகவே அந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதீர்கள்.

இப்போது ஒரு குறை. கரோக்கி. பிள்ளை போனில் டிராக்கைப் போட்டுக்கொண்டு அதன்மேல் பாடுகிறது, வீடியோ எடுத்து ஏற்றுகிறீர்கள், நூறு லைக் வருகிறது. எனக்கு அதில் விரோதம் இல்லை. ஆனால் அந்த டிராக் உங்கள் பிள்ளைக்காகக் காத்திருக்காது. தடுமாறாது, மூச்சு வாங்காது, முறைத்துப் பார்க்காது. தாளம் போடுகிற ஆப்பும் அப்படித்தான். சாதகத்துக்கு அது உதவும், நானே போட்டுக்கொள்கிறேன். ஆனால் ஒரு பிள்ளை நாலு வருஷமும் இயந்திரத்தோடு மட்டுமே பாடினால், இன்னொரு மனுஷன் பக்கத்தில் இருப்பது அதற்குத் தொந்தரவாகத் தெரியும். டி.வி. போட்டிகளில் ஜெயித்த பிள்ளைகள் சிலர் இங்கே வந்து, வயலின் தங்களை விட்டு ஓர் இழை விலகினால்கூடப் பாட்டை நிறுத்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன். குரல் தேன்தான். பக்கத்தில் இருப்பவனைக் கேட்கத்தான் தெரியவில்லை.

அப்புறம் பதினொன்றாம் வகுப்பு. “ரெண்டு வருஷம் நிறுத்திக்கிறோம் சார், நீட் முடிஞ்சதும் வர்றோம்.” நிறுத்தினவர்களில் திரும்பி வந்தவர்கள் மிகக் குறைவு. நான் ஒரு யோசனை சொல்கிறேன். வகுப்புக்கு வர வேண்டாம். கச்சேரி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கூடப் படிக்கிற ஒருவரோடு சேர்ந்து வாசிக்கட்டும், அது போதும். தனியாகச் செய்யும் சாதகம்தான் முதலில் நின்றுபோகிறது. ஒருவர் வாசலில் வந்து நின்று கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது.

இங்கே படித்தவர்களில் வித்வான் ஆகப் போவது நூற்றில் ஒருவரோ இருவரோ. அதற்காக மற்றவர்கள் வீணாகிவிடவில்லை. என்னிடம் படித்த ஒருவன் பேருந்து நிலையம் பக்கத்தில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். மேடைக் கச்சேரி எதுவும் வாசிப்பதில்லை. மார்கழி வந்தால் விடியற்காலை வீதி பஜனைக்கு மிருதங்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்துவிடுவான். அங்கே பாடும் தாத்தாக்கள் ஆளுக்கொரு சுருதி, ஆளுக்கொரு வேகம். அத்தனை பேரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நாலு வீதியும் வந்து, எட்டரைக்குக் கடையைத் திறந்துவிடுவான். அவனை நான் பெரிய வித்வான் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

நேரமாகிவிட்டது, உள்ளேயிருந்து சுருதி சேர்க்கும் சத்தம் கேட்கிறது. ஒரே ஒரு விண்ணப்பம். நம் ஊர் சபைகளில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் தொடங்கினால் பாதி அரங்கம் காபிக்கு எழுந்து போய்விடும். இன்று மிருதங்கமும் கடமும் வாசிக்கப் போகிறவர்கள் ஒன்பதாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் படிக்கிற பிள்ளைகள். இரண்டு மணி நேரம் இன்னொருவர் பாட்டுக்கு வாசித்துவிட்டு, கடைசியில் தங்களுக்கென்று கிடைக்கிற பத்து நிமிஷம் அது. ஒருவர் நாலு ஆவர்த்தனம், அடுத்தவர் நாலு, பிறகு இரண்டு, ஒன்று, அரை என்று குறைத்துக்கொண்டே வந்து, மோரா என்கிற கட்டத்தில் சேர்ந்து கோர்வையை மூன்று முறை வாசித்து முடிப்பார்கள். யார் யாரைப் பார்த்து எப்போது தலையாட்டுகிறார்கள் என்று கவனியுங்கள், நன்றாக இருக்கும். எழுந்து போகலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: அந்த நேரத்தில் காபி போட வேண்டாம் என்று கேண்டீன்காரரிடம் சாயங்காலமே சொல்லிவிட்டேன்.