உரசிப் பார்த்தால்தான் தெரியும்

வணக்கம். பின்னால் நிற்கிறவர்கள் முன்வரிசைக்கு வந்துவிடுங்கள். இங்கே நிறைய நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. பேசுகிறவனுக்கு அது கொஞ்சம் சங்கடம்.

அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் ‘எழுத்தாளர்’ என்று போட்டிருக்கிறார்கள். அன்பால் செய்த பிழை. நான் மெய்ப்பு பார்க்கிறவன். அடுத்தவர்கள் எழுதியதைத் திருத்திக் கொடுப்பதுதான் முப்பது ஆண்டுகளாக என் வேலை. அந்த அழைப்பிதழ் கைக்கு வந்ததும் மூன்றாவது வரியில் ஒரு ‘க்’ விட்டுப்போயிருப்பதைத்தான் முதலில் பார்த்தேன். கூட்டம் எந்தத் தேதி என்று பார்த்தது அதற்கு அப்புறம். நான் யார் என்று யாராவது கேட்டால் இதைச் சொன்னாலே போதும். ஆனால் இந்தப் பதிலைக் கண்டுபிடிக்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

இருபது வயதில், நான் நாவலாசிரியன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நண்பர்களிடம் சொல்லிவிட்டேன், வீட்டில் சொல்லிவிட்டேன். எழுதவில்லை, அவ்வளவுதான். யாராவது கேட்டால், “முதலில் என்னை நான் முழுசாகப் புரிந்துகொள்ள வேண்டும், அப்புறம் எழுதுவேன்” என்பேன். கேட்கிறவர்கள் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே ஆறு வருடம் ஓட்டினேன்.

இருபத்தாறாவது வயதில் ஒரு நீண்ட விடுப்பு கிடைத்தது. வேறு சாக்கு இல்லாததால் உட்கார்ந்தேன். மொத்தம் நாற்பத்து மூன்று பக்கம். அதில் முதல் பத்திக்கு மட்டும் பத்தொன்பது நாள் எடுத்துக்கொண்டேன். கதாநாயகன் ஒரு கதவைத் தட்டக் கையை ஓங்குகிறான். கதவைத் திறப்பது யார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உண்மையைச் சொன்னால், தெரிந்துகொள்ளும் ஆசையும் எனக்கு இல்லை. ‘ஓங்கினான்’ என்பதா, ‘உயர்த்தினான்’ என்பதா என்று ஒரு மாலைப்பொழுது முழுக்க யோசித்தேன். அந்த மாலை சந்தோஷமாகவே போனது. அது எதைக் காட்டுகிறது என்று அப்போது புரியவில்லை.

அதே மாதத்தில் ஒரு நண்பன் தன் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தான். முந்நூறு பக்கம் இருக்கும். “படித்துப் பார்” என்றுதான் சொன்னான், திருத்தச் சொல்லவில்லை. இரவு பென்சிலோடு உட்கார்ந்தவன் நிமிர்ந்தபோது விடிந்திருந்தது. இரண்டாம் அத்தியாயத்தில் இறந்துபோன சித்தப்பா எட்டாம் அத்தியாயத்தில் கடிதம் எழுதுகிறார் என்பதைக் கண்டுபிடித்த கணத்தில் எனக்கு வந்த உற்சாகம், என் சொந்த நாற்பத்து மூன்று பக்கத்தில் எங்குமே வரவில்லை.

‘கருமமே கட்டளைக் கல்’ என்று வள்ளுவர் சொன்னது நம் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறோம். கட்டளைக் கல் என்பது பொன்னை உரசித் தரம் பார்க்கிற கல். ஒருவரின் தரத்தைக் காட்டும் கல் அவர் செயல்தான் என்பது பொருள். அது எந்த அதிகாரத்தில் வருகிறது என்று நான் வெகுகாலம் கவனித்ததில்லை. தெரிந்து தெளிதல், 505-ஆவது குறள். ஒருவனை நம்பி ஒரு பொறுப்பை ஒப்படைக்கும் முன் அவனை எப்படிச் சோதிப்பது என்பதுதான் அந்த அதிகாரத்தின் விஷயம். அதாவது, அடுத்தவனை எடைபோடுவதற்குச் சொன்ன வழி. அவன் பேச்சை விட்டுவிட்டு அவன் செய்ததைப் பார். இதை நாம் எல்லோரும் ஒத்துக்கொள்கிறோம். வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் கடன் கொடுக்கும்போதும் இதைத்தான் செய்கிறோம். நம்மைப் பற்றிய விசாரணை என்று வந்தால் மட்டும் கல்லைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, கண்ணை மூடி உள்ளே தேடுகிறோம். நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் சலுகை இது.

உள்ளே தேடினால் கிடைக்காதா என்று கேட்பீர்கள். கிடைக்கும். கிடைப்பது சரியா என்பதுதான் கேள்வி. 1977-இல் ரிச்சர்ட் நிஸ்பெட், டிமோதி வில்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் ஒரு வேடிக்கையான சோதனை வருகிறது. நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று வந்தவர்களைக் கேட்டார்கள். நான்கும் அச்சு அசலாக ஒன்றேதான். ஆனால் வலது ஓரத்தில் இருந்ததையே நிறையப் பேர் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் என்று கேட்டால் நெசவைச் சொன்னார்கள், மெல்லிய தன்மையைச் சொன்னார்கள். வைத்திருந்த இடம்தான் காரணம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அப்படி இருக்குமோ என்று கேட்டபோதும் மறுத்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மனம் ஒரு காரணத்தைத் தயாரித்துக் கொடுத்தது, அவர்கள் நம்பினார்கள். ஒரு காலுறை விஷயத்திலேயே இப்படி என்றால், ‘நான் எதற்குப் பிறந்தவன்’ என்ற கேள்விக்கு உள்ளேயிருந்து வரும் பதிலை எந்த அளவுக்கு நம்புவது?

டேரில் பெம் என்ற உளவியலாளர் அதற்கு முன்பே, 1972-இல், இன்னும் ஒரு படி மேலே போயிருந்தார். உள்ளே இருந்து வரும் தடயங்கள் மங்கலாக இருக்கும்போது, நாம் நம்மை அறிவதும் வெளியாள் ஒருவர் நம்மை அறிவதும் ஒரே வழியில்தான் என்றார்: நடத்தையைப் பார்த்து ஊகிப்பது. பென்சிலோடு விடியும்வரை உட்கார்ந்திருந்த ஒருவனை ஜன்னல் வழியாகப் பார்த்த எவரும் அவன் யார் என்று சொல்லியிருப்பார்கள். கடைசியாகத் தெரிந்துகொண்டவன் நான்தான்.

இதில் எனக்கு மிகப் பிடித்த ஆள் சார்லஸ் டார்வின். தாடி வைத்த கிழவரை விட்டுவிடுங்கள். இருபத்திரண்டு வயதுப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். 1825-இல் அவரை மருத்துவம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். மயக்க மருந்து இல்லாத காலம். இரண்டு அறுவைச் சிகிச்சைகளைப் பார்க்கப் போய், முடியும் முன்பே ஓடி வந்தார். சரி, பாதிரியாராகட்டும் என்று கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார்கள். அங்கே வண்டு பிடித்தார், பறவை சுட்டார். வேட்டை, நாய், எலி பிடிப்பது தவிர உனக்கு எதிலும் அக்கறை இல்லை என்று அப்பா திட்டியதைப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். 1831 ஆகஸ்டில் ஒரு பேராசிரியரோடு பாறைகளைப் பார்க்கப் போனவர், கௌதாரி வேட்டை தொடங்கும் நாளுக்குச் சரியாகத் திரும்பிவிட்டார். வேட்டையின் முதல் நாட்களை அறிவியலுக்காக விட்டுக்கொடுப்பது பைத்தியக்காரத்தனம் என்றே அன்று நினைத்திருப்பேன் என்கிறார். அந்த மாதத்தில் யாராவது “நீ யார்” என்று கேட்டிருந்தால், முழு நேர்மையோடு “வேட்டைக்காரன்” என்று சொல்லியிருப்பார்.

அதே ஆண்டு டிசம்பர் 27-ஆம் தேதி அவரை ஏற்றிக்கொண்டு ‘பீகிள்’ என்ற ஆய்வுக் கப்பல் கிளம்பியது. சில வாரங்களில், ஆப்பிரிக்காவுக்கு மேற்கே உள்ள வெர்டே முனைத் தீவுகளில் ஒன்றில் இறங்கினார். அங்கே எரிமலைக் குழம்பு உறைந்த ஒரு தாழ்ந்த பாறைக்கு அடியில் ஓய்வெடுத்தபோது, போகும் நாடுகளின் நிலவியல் பற்றி நாமே ஒரு புத்தகம் எழுதலாமே என்று முதல்முறையாகத் தோன்றியதாம். உடம்பே சிலிர்த்தது என்கிறார். அந்த எண்ணம் கேம்பிரிட்ஜ் அறையில் வரவில்லை. கல்லைத் தட்டிப் பார்த்துக் களைத்த பிறகு வந்தது.

அதைவிட முக்கியமானது துப்பாக்கி. முதல் இரண்டு ஆண்டுகள், சேகரிப்புக்கு வேண்டிய பறவைகளையும் விலங்குகளையும் தானே சுட்டார். பிறகு துப்பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக உதவியாளரிடம் கொடுக்க ஆரம்பித்து, கடைசியில் முழுதாகவே கொடுத்துவிட்டார். ஏனென்றால் வேட்டை அவருடைய வேலைக்குக் குறுக்கே வந்தது. வேட்டையை விட்டுவிடுவேன் என்று சபதம் செய்யவில்லை. கவனித்துப் பார்ப்பதிலும் யோசிப்பதிலும் உள்ள இன்பம் பெரிது என்பதைத் தன்னையறியாமலே கண்டுகொண்டதாக எழுதுகிறார். இரண்டு ஆண்டு என்று திட்டமிட்ட பயணம் ஐந்து ஆண்டை நெருங்கியது. 1836 அக்டோபரில் ஊர் திரும்பியவரின் கையில் துப்பாக்கி இல்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவர் கப்பல் ஏறியது ‘தன்னைத் தேடி’ அல்ல. வேறு வேலை இருந்தது. தன்னைத் தேடிக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் தங்களைப் பற்றியே நினைத்துக்கொண்டு திரும்புகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சரி, ஏதாவது செய்துகொண்டே இருந்தால் போதுமா? போதாது. பொன்னைக் கல்லில் உரசிவிட்டுக் கல்லைப் பார்க்காமல் போனால் என்ன பயன்? விழுந்த கோட்டின் நிறத்தைப் பார்க்க வேண்டும். வெற்றி தோல்வியை நான் அதிகம் நம்புவதில்லை. அதில் சந்தர்ப்பத்தின் பங்கு பெரியது. எந்தச் சலிப்பை உங்களால் தாங்க முடிகிறது என்று பாருங்கள். எல்லா வேலையிலும் அலுப்பான பகுதி உண்டு. பாடகருக்கு ஒரே சுரத்தை நூறு முறை பாடுவது, மருத்துவருக்கு இரவுப் பணி, எனக்குப் பொருளடக்கத்தின் பக்க எண்களைச் சரிபார்ப்பது. அந்தப் பக்க எண் வேலை எனக்கு அலுக்கும், ஆனால் வலிக்காது. நாவலில் அடுத்த வரி வலித்தது. மேடையும் கைத்தட்டலும் வேண்டும் என்ற ஆசை யாருக்கும் வரும். அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

அப்புறம் செலவு. வேலையை விட்டுவிட்டுக் கனவைத் துரத்துங்கள் என்று மேடையில் சொல்வது சுலபம். நாளைக்கு உங்கள் வீட்டு வாடகையைப் பேச்சாளர் கட்டப்போவதில்லை. நகை முழுவதையும் தேய்த்துப் பார்க்கிற பொற்கொல்லர் உண்டா? ஒரு மூலையில் ஒரு கோடு போதும். ஆசிரியராகும் எண்ணமா, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு மாதம் கணக்குச் சொல்லிக் கொடுங்கள். அந்தப் பிள்ளை ஏழாவது முறை அதே தப்பைச் செய்யும்போது உங்களுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். எரிச்சலா, இவன் எங்கே வழுக்குகிறான் என்ற ஆர்வமா? கோடு அதுதான். உரசும்போது பொன் அணுவளவு தேயும் என்பதும் உண்மை. எனக்குத் தேய்ந்தது ஆறு வருடப் பெருமை. ‘நாவலாசிரியன்’ என்ற சொல்லை விடுவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. கேட்கிறவர்களிடம் என்ன சொல்வது என்ற வெட்கம்தான் பெரிதாக இருந்தது.

ஓர் இடத்தில் மட்டும் இந்தக் கட்டளைக்கல் உவமை காலை வாரிவிடுகிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். எத்தனை முறை உரசினாலும் பொன்னின் மாற்று, அதாவது தரம், உயராது. மனிதனுக்கு உயரும். வீடு கட்டிக் கட்டித்தான் ஒருவன் கொத்தன் ஆகிறான், துணிச்சலான செயல்களைச் செய்து செய்துதான் துணிச்சல்காரன் ஆகிறான் என்று அரிஸ்டாட்டில் சொன்னார். அப்படியானால் அந்த இரவு நான் யார் என்று கண்டுபிடித்தேனா, இல்லை ஆகத் தொடங்கினேனா? ஏற்கெனவே எனக்குள் ஒரு மெய்ப்புத் திருத்துகிறவன் ஒளிந்திருந்தான் என்று சொல்வது அழகாக இருக்கிறது. ஆனால் முப்பது ஆண்டுகள் தினமும் எட்டு மணி நேரம் செய்ததால்தான் இப்படி ஆகிவிட்டேனோ என்றும் தோன்றுகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. எப்படியானாலும் அந்தப் பென்சிலை எடுக்காமல் இரண்டுமே நடந்திருக்காது.

அந்த நாற்பத்து மூன்று பக்கம் இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இன்றைய பேச்சுக்காகப் போன வாரம் எடுத்துப் படித்தேன். கதாநாயகன் இன்னும் கதவுக்கு முன்னால் கையை ஓங்கியபடியே நிற்கிறான். பாவம்தான். நான் இரண்டு ஒற்றுப் பிழைகளைத் திருத்திவிட்டு மறுபடி உள்ளே வைத்துவிட்டேன்.