உரிய அலுவலர் யார்?

(மயிலாப்பூர்க் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, இந்த வெயிலிலும் தாம்பரத்திலிருந்து வந்திருக்கும் புலவர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசிய பேராசிரியர் அம்மா அவர்களே, மைக் செட் தம்பி உள்ளிட்ட அனைவருக்கும் வணக்கம். சால்வைக்குப் பதிலாகப் புத்தகம் தந்த செயலாளருக்குத் தனி நன்றி.

'தெளிவற்ற' என்ற பெயரடையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பொருள், வழக்கு, இலக்கணம் என மூன்று பகுதிகள் வைத்திருக்கிறேன்.

எழுத்து மங்கலாகும், தண்ணீர் கலங்கும், மனம் குழம்பும். மூன்றுக்கும் பொதுவாக நிற்பது 'தெளிவற்ற'. என் பாட்டி மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டு, கலங்கல் தண்ணீரை ஊற்றி வைப்பார். விடிவதற்குள் மண் அடியில் படிந்து, மேலே நம் முகம் தெரியும். தேற்றுவது என்றால் தெளிய வைப்பது. "கலங்கின குட்டையிலதான்டா மீன் பிடிப்பாங்க" என்பார் பாட்டி.

'தெளிவிலதனைத் தொடங்கார்' என்கிறது 464ஆம் குறள். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் 'மயங்க வைத்தல்' ஒன்று. இதுவா அதுவா என்று படிப்பவர் திண்டாடும்படி எழுதுவது குற்றம், ஐயா, குற்றம்!

வழக்குக்கு வருகிறேன். என் அத்தைக்கு 71 வயது, முழங்கால் வலி. ஒரு சான்றிதழுக்காகத் திருவல்லிக்கேணியிலிருந்து ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப்போனேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். சுவரில் அறிவிப்பு: 'உரிய ஆவணங்களுடன் உரிய அலுவலரை உரிய நேரத்தில் அணுகவும்.' ரேஷன் கார்டை நீட்டினோம். ஆதார் நகல் எங்கே என்றார்கள். மறுநாள் இரண்டையும் கொண்டுபோனோம். அந்த உரிய அலுவலர் செவ்வாய், வெள்ளிதான் வருவாராம். செவ்வாய்க்கிழமை போனால், மாடியில் வேறு அறையாம். அத்தை படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஏம்ப்பா, அந்த உரியவர் யாருன்னு எழுதிப்போட்டா என்னப்பா?" என்றார். அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து, "ஐந்நூறு ரூபா குடுங்கம்மா, நான் முடிச்சுத் தரேன்" என்கிறார். கலங்கின குட்டையில் மீன் பிடிக்கிறவரை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

ஆட்சிமொழிச் சட்டம் 1956இல் வந்தது. தமிழில் எழுதுகிறார்கள், மகிழ்ச்சி. அது என் அத்தைக்குப் புரிய வேண்டாமா? எந்தத் தாள், எந்த அறை, எந்தக் கிழமை, எத்தனை மணி: இந்த நான்கும் இல்லாமல் எந்த அறிவிப்பும் சுவரேறக் கூடாது. ஒட்டுவதற்கு முன் வரிசையில் நிற்கும் ஒரு பெரியவரிடம் படித்துக் காட்டுங்கள்.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். இலக்கணம் அடுத்த கூட்டத்துக்கு. நான் சொன்ன இந்த நான்கையும் கேட்டு வாசலில் மேசைமேல் ஒரு மனு இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். அடுத்த முறை வரும்போது, உங்கள் பகுதியில் இப்படியோர் அறிவிப்பு இருந்தால் போட்டோ எடுத்து வாருங்கள். வணக்கம்.