மனச்சிதைவு நோய்: முதல் அறிகுறியும் முதல் மருந்தும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பணிச்சுமைக்கிடையே வந்து மேடையைச் சிறப்பித்திருக்கும் மனநல மருத்துவப் பெருமக்களே, நலவாழ்வுத் துறை அலுவலர்களே, நோயுற்றோரை இரவும் பகலும் காத்துவரும் குடும்பத்தாரே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். மனச்சிதைவின் அறிகுறிகள், அதை ஒத்த கோளாறுகள், சிகிச்சை தாமதமாவதன் விளைவு ஆகிய மூன்றையும் பேச வந்துள்ளேன். 'வெள்ளம் வருமுன் அணை போடு' என்ற பழமொழியைத்தான் நான் எல்லா மேடைகளிலும் சொல்லிவருகிறேன். இங்கும் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளிலுமே பெரும்பாலும் இது தலைகாட்டுகிறது. ஆளில்லாத இடத்தில் குரல் கேட்பது, பிறர் தன்னைக் கண்காணிப்பதாக அசையாமல் நம்புவது, பேச்சு கோவையற்றுப் போவது ஆகியவை எவர் கண்ணுக்கும் படும். முகத்தில் உணர்ச்சி வற்றுவதையும், எழவும் குளிக்கவும் நாட்டமில்லாமல் போவதையும், சொற்கள் சுருங்குவதையும் நோயென்று எவரும் நினைப்பதில்லை.

ஒரு தாய் சொன்னதைக் கேளுங்கள். நன்றாகப் படித்துவந்த அவருடைய மகன் முதலில் நண்பர்களை விட்டு விலகினான். பகலெல்லாம் படுத்துக் கிடந்தான். தந்தை சோம்பேறி என்று திட்டினார். உறவினர்கள் காதல் தோல்வி என்றார்கள். சில மாதங்களில், செய்தி வாசிப்பவர் தன்னைப் பற்றியே பேசுவதாகச் சொன்னான். வீட்டார் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, பிரச்சினை தீர்ந்ததென்று நிம்மதியடைந்தார்கள். கைப்பேசியின் கேமராவை ஒட்டுத்தாளால் மூடினான், தம்பி சிரித்தான். தாய் சமைத்ததில் நஞ்சு இருப்பதாகச் சொல்லித் தட்டைத் தள்ளிய அன்றுதான் மருத்துவமனைக்குப் போனார்கள். அதற்குள் ஈராண்டுகள் கடந்திருந்தன. மருந்தால் குரல்கள் அடங்கின. விட்டுப்போன படிப்பைத் தொடர மட்டும் அவனால் இயலவில்லை. வெள்ளம் வருமுன் அணை போடு என்று நான் மன்றாடுவது இதற்காகத்தான். சிகிச்சை தாமதமாகும் அளவுக்கு மீட்சியும் கடினமாகிறது என்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன.

இந்நோயை ஒத்த கோளாறுகளும் இருக்கின்றன. மெய் எது, பொய் எது என்று பிரித்தறிய முடியாமல் போகும் மனப்பிறழ்வு ஒரு மாதத்துக்குள் மறைவதும் உண்டு, கடும் மனச்சோர்வோடு கலந்து வருவதும் உண்டு, போதைப்பொருளால் தூண்டப்படுவதும் உண்டு. இவற்றைப் பிரித்தறியும் முறையை மேடையிலுள்ள மருத்துவர்கள் என்னைவிடத் தெளிவாக விளக்குவார்கள்.

1952ஆம் ஆண்டில் குளோர்ப்ரோமசின் இந்நோய்க்குப் பயன்படத் தொடங்கியது முதல் மருந்துகள் நம் கையில் இருக்கின்றன. ஆகவே அலுவலர் பெருமக்களே, ஒவ்வொரு கல்லூரியிலும் இவ்வறிகுறிகளை அறிந்த ஆலோசகர் ஒருவரை அமர்த்துங்கள். அவர் அனுப்பும் மாணவரை அதே வாரத்தில் மனநல மருத்துவர் பார்க்கும்படி ஆணையிடுங்கள். இக்கோரிக்கை மனுவை இம்மேடையிலேயே தங்களிடம் ஒப்படைக்கிறேன்.