குட்டியிடம் கற்ற தாய்

எல்லோருக்கும் வணக்கம். வயது ஏற ஏற இளையவர்களிடமிருந்து கற்றுக்கொள்வது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் நேராக ஒரு குரங்குக் கூட்டத்திடம் போய்விடுகிறேன்.

ஜப்பானில் கோஷிமா என்று ஒரு குட்டித் தீவு இருக்கிறது. அங்கே உள்ள குரங்குகளை ஆராய்ச்சியாளர்கள் ஆண்டுக்கணக்கில் கவனித்து வந்தார்கள். கடற்கரை மணலில் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் போடுவார்கள். குரங்குகள் வந்து, ஒட்டிய மணலைக் கையால் தட்டிவிட்டுத் தின்னும். 1953இல் ஒன்றரை வயதுப் பெண்குட்டி ஒன்று கிழங்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போனது. ஒரு கையால் கிழங்கைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தேய்த்து, மணல் போன பிறகு தின்றது. அந்தக் குட்டிக்கு ஆராய்ச்சியாளர்கள் வைத்த பெயர் இமோ.

அதோடு விளையாடும் குட்டிகள் முதலில் இதைப் பிடித்துக்கொண்டன. இமோவின் தாயும் கற்றது. 1958இல் கணக்குப் பார்த்தார்கள். இரண்டு முதல் ஏழு வயதுவரை இருந்த 19 குரங்குகளில் 15 கழுவித் தின்றன. எட்டு வயதும் அதற்கு மேலும் ஆன 11இல் இரண்டே இரண்டு, அவையும் பெண் குரங்குகள். வளர்ந்த ஆண் குரங்கு ஒன்றுகூடக் கழுவித் தின்னவில்லை.

வயதானால் மூளை மழுங்கிவிடும் என்று இதை வைத்து முடிவுகட்டலாம். ஆனால் அந்தத் தாய் எப்படிக் கற்றது? அது தன் குட்டியோடு உட்கார்ந்து தின்றது. கழுவுவது அதன் கண்ணெதிரே நடந்தது. பெரிய ஆண் குரங்குகள் குட்டிகளோடு ஒட்டி உறவாடுவது குறைவு என்பதை ஆராய்ச்சியாளர்கள் காரணமாகச் சொன்னார்கள். பக்கத்திலேயே போகாதவர்களுக்கு எது தெரியும்?

மனிதர்களுக்கும் வயதானால் புதியதைப் பிடிக்கும் வேகம் குறையத்தான் செய்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. அதே சமயம் சொல்வளமும், அனுபவத்தில் சேர்ந்த அறிவும் அறுபது வயதுவாக்கிலும் பெரிதாகக் குறைவதில்லை என்று உளவியல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே நம்மால் முடியும். நாம் யார் பக்கத்தில் உட்காருகிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. நண்பர்கள் நம் வயது. நடைக்குப் போகும் கூட்டமும் நம் வயது. ஒரு வாரத்தில் முப்பது வயதுக்குக் கீழே உள்ள ஒருவரோடு, ஏதாவது வேலை சொல்லாமல், புத்திமதி சொல்லாமல், எத்தனை நிமிடம் பேசியிருப்போம்?

பதவி உயர்ந்தாலும் இதே தூரம்தான் வரும். 1999இல், ஜெனரல் எலக்ட்ரிக் என்ற பெரிய அமெரிக்க நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜாக் வெல்ச், அறுபதைத் தாண்டிய மனிதர், தன் உயர் அதிகாரிகள் சுமார் 500 பேரை இணையம் தெரிந்த இளம் ஊழியர்களிடம் பாடம் கேட்கச் சொன்னார். தானும் ஒருவரிடம் உட்கார்ந்தார். அந்த இருக்கை தானாக அமையாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சரி, உட்கார்ந்துவிட்டோம். அப்புறம்? பேத்தியிடம் தாத்தா செல்போனை நீட்டி, "இது எப்படிம்மா?" என்கிறார். அவள் வாங்கி, விரலால் நாலு தட்டு தட்டி, "இந்தாங்க தாத்தா, ஆச்சு" என்று கொடுத்துவிடுகிறாள். வேலை முடிந்தது, தாத்தா எதையும் கற்கவில்லை. நாளைக்கும் நீட்டுவார். போன் தாத்தா கையிலேயே இருக்கட்டும். "நீ தொடாதே, வாயால் சொல்லு, நான் தட்டுகிறேன்" என்று அவர் கேட்க வேண்டும். அவர் தேடித் தேடித் தட்டுவதற்குள் பேத்திக்குப் பொறுமை போகும். "இன்னொரு தடவை சொல்லும்மா" என்று கேட்பதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. அவளுக்கு அ, ஆ எழுத விரல் பிடித்தவரும் அவர்தானே.

செல்போன் சின்ன விஷயம். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. மனச்சோர்வு என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று இளையவர்கள் வெளிப்படையாகப் பேசுகிறார்கள். நம் தலைமுறையில் எத்தனையோ பேர் அதை வாய்விட்டுச் சொல்லாமலே வாழ்ந்து முடித்தார்கள். முடியாததை முடியாது என்று மரியாதையாகச் சொல்ல இளையவர்களுக்குத் தெரிகிறது. குழந்தையைக் குளிப்பாட்டுவது அப்பாவின் வேலையும்தான் என்று நினைக்கிறார்கள். இதையெல்லாம் அவர்கள் பாடமாக எடுக்கமாட்டார்கள். பேச்சுவாக்கில் வரும். அந்த நேரத்தில் நாம் "எங்க காலத்துல" என்று ஆரம்பித்தால் அங்கேயே நின்றுவிடும். இரண்டு மூன்று முறை அப்படி நின்றால், நம்மிடம் சொல்வதையே விட்டுவிடுவார்கள். எதிர்த்துப் பேசமாட்டார்கள், கோபப்படமாட்டார்கள். "நல்லா இருக்கேன் பாட்டி, சாப்பிட்டீங்களா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இதைத்தான் நான் உண்மையான இழப்பு என்று நினைக்கிறேன். மரியாதை குறையாது, உறவும் அறுந்துவிடாது, ஆனால் அவர்கள் உலகத்தில் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியவே தெரியாது.

இளையவர்கள் சொல்வதெல்லாம் சரியா என்று கேட்பீர்கள். இல்லைதான். முழுதாகக் கேட்டுவிட்டு மறுக்கலாம். பாதியில் மறுத்தால், அவர்கள் சொல்ல வந்ததை நாம் மறுக்கவில்லை, நாமாக நினைத்துக்கொண்டதை மறுக்கிறோம்.

கடைசியாக ஒன்று. யாரிடம் கற்றீர்களோ அவர் பெயரை நாலு பேர் முன்னால் சொல்லுங்கள். மருமகள் காட்டிக்கொடுத்த ஒரு வழியை, ஊழியர் ஒருவர் சொன்ன யோசனையை, நமக்கே தோன்றியதுபோல் பேசிவிடும் பழக்கம் பெரியவர்களிடம் நிறைய உண்டு. "இது எனக்கு இவள் சொல்லிக்கொடுத்தது" என்று உறவுக்காரர்கள் இருக்கும்போது சொல்லிப் பாருங்கள். அடுத்த தடவை நீங்கள் கேட்காமலே வந்து பக்கத்தில் உட்காருவாள்.