கூலியாக அல்வா வேண்டாம்

நேயர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டைப் பக்கம் சிறப்புப் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவன் நான். அறிவுத்திறன் குறைபாடுள்ள பதின்வயதுப் பிள்ளைகளின் பெற்றோரோடு, அந்தப் பிள்ளைகளின் எடை, உடற்பயிற்சி, சாப்பாடு பற்றி இன்று பேசுகிறேன்.

"சொன்னபடி கேளுல ராசா, அல்வா வாங்கித் தாரேன்." இதைச் சொல்லாத வீடு நம் ஊரில் உண்டா? பாவம், மற்ற சந்தோஷம் என்ன இருக்கு என்று நினைத்துக் கொடுக்கிறோம். ஆனால் அடம்பிடித்தால் இனிப்பு வரும் என்பதைப் பிள்ளை வெகு சீக்கிரம் படித்துக்கொள்கிறது. பரிசு தாராளமாகக் கொடுங்கள். அது பிடித்த பாட்டாகவோ பஸ் பயணமாகவோ இருக்கட்டும்.

5 முதல் 17 வயது வரை தினம் சராசரியாக 60 நிமிடம் உடல் நன்றாக அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கும் அதே 60தான். எடுத்த எடுப்பில் அவ்வளவும் வேண்டாம். பத்து நிமிடத்தில் தொடங்கலாம். தினமும் அதே நேரம், அதே தெரு. "எக்சர்சைஸ் பண்ணு" என்றால் பல பிள்ளைகளுக்குப் புரியாது. நீங்கள் கையைத் தூக்குங்கள், அப்புறம் பொறுத்திருங்கள். அவன் தூக்கக் கொஞ்ச நேரமாகும். அதற்குள் அடுத்ததைச் சொல்லிவிடுகிறோமே, அங்கேதான் குழம்பிப்போகிறான். செடிக்குத் தண்ணீர் சுமப்பதும் பயிற்சிதான். தாமிரபரணியில் குளிக்கவிட்டால் கையெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும். வலிப்பு உள்ள பிள்ளை என்றால் டாக்டரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாடுள்ள பிள்ளைகள் சிலருக்குக் கழுத்தெலும்பு மூட்டு தளர்ந்திருக்கும். டாக்டரைக் கேட்காமல் குட்டிக்கரணம் போடவிடாதீர்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எடை ஏறும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். வலிப்புக்கும் நடத்தைக்கும் தரும் சில மாத்திரைகளாலும் எடை ஏறும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

சாப்பாட்டுக்கு வருவோம். கூட்டாஞ்சோறு செய்கிற அன்று முருங்கைக்கீரை உருவும் வேலையை மகளிடம் கொடுங்கள். முதலில் காம்பும் சேர்ந்துதான் வரும், வரட்டும். தான் உருவிய கீரை என்றால் ஒரு வாயாவது கூடுதலாக இறங்கும். சாயங்காலம் மிக்சர் பாக்கெட்டுக்குப் பதில் அவித்த கடலை, பருவத்தில் பனங்கிழங்கு. "என்ன வேணும்?" என்று கேட்டால் மிக்சர்தான் வேணும் என்பாள், "கொய்யாவா, வாழைப்பழமா?" என்று இரண்டையும் கையில் காட்டிக் கேளுங்கள்.

இவ்வளவும் செய்தாலும், வருகிற சொந்தக்காரர்கள் முறுக்குப் பொட்டலத்தோடுதான் வருவார்கள். கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்: "பண்டம் வேண்டாம் சித்தி, இவன்கூடக் கொஞ்ச நேரம் பந்து போட்டுட்டுப் போங்க."

வணக்கம்.