உரம்னு சொல்லாதீங்க, கடுப்பாகுது!

வணக்கம் மக்களே. போன வீடியோவுல காட்டுப்பூ புல்வெளியை வெட்டுறதைக் காட்டினேன்ல, அதுக்குக் கீழ ஆளாளுக்கு ஒரே கேள்வி. "தன்னார்வலருங்க எதுக்கு வெயில்ல மாங்கு மாங்குன்னு வாரணும்? வெட்டின புல்லை அப்படியே விட்டா மக்கி உரமாகுமே?"

அய்யோ, பிரச்சினையே அந்த உரம்தான்! மண்ணுல தழைச்சத்தும் மணிச்சத்தும் ஏறினா முதல்ல கொழுக்கிறது புல்லு. பூச்செடியை அமுக்கிரும். காட்டுப்பூவுக்கு மெலிஞ்ச மண்ணுதான் வேணும். போதாக்குறைக்கு வெட்டின புல் மெத்தையா படிஞ்சிருச்சுன்னா விதை மண்ணைத் தொடவே தொடாது.

குளிர்நாட்டுப் புல்வெளின்னா ஜூலை கடைசி, ஆகஸ்ட்ல வெட்டு. சைத் அரிவாள்னா, அதாவது நின்னுகிட்டே ரெண்டு கையால வீசி வெட்டுற நீளக் கைப்பிடி அரிவாள்னா, விடிகாலையில, பனி ஈரத்தோட வெட்டுங்க, வழுக்கிட்டுப் போகும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா நனைச்ச சாணைக்கல்லால ரெண்டு இழு. நாலு விரல் உயரம் விட்டு வெட்டணும். ரெண்டு மூணு நாள் காயவிட்டு, நடுவுல ஒருதரம் புரட்டிப் போட்டா விதை அங்கேயே உதிரும். அப்புறம் வாருங்க. மரப்பல்லு வாரி போதும், இரும்புப் பல்லு மண்ணைத் தோண்டும்.

வாரின புல்லை வெளிய கொண்டுபோறதுக்கு இப்ப தார்பாய். எனக்கும் தள்ளுவண்டிக்கும் ஆகாதுன்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும். காய்ஞ்ச புல்லுக்கு எடை இல்ல, ஆனா இடம் அடைக்கும். நாலு வாரு வாரினா வண்டி நிறைஞ்சிரும், சக்கரத்துல வேற சுத்திக்கும். மூணு மீட்டருக்கு மூணு மீட்டர் தார்பாயை விரிச்சு நேரா அதுமேலயே வாருங்க. தூக்கவே வேணாம், ரெண்டு பேர் இழுத்தா வந்துரும். ஆனா ஓட்டையில கயிறு கட்டி இழுத்தா வளையம் பிய்ஞ்சிரும். மூலையில ஒரு கூழாங்கல்லை வச்சு, தார்பாயை அதுமேல சுருட்டி, கல்லோட கழுத்துல கயிறைக் கட்டுங்க. கிழியாது. எட்டணா செலவில்லாத வித்தை! இதுக்காகவே தனி வீடியோ போடலாம், போடுவேன்.

அட, மறந்துட்டேன். வெட்டுறதுக்கு முன்னாடி சொல்லிருக்கணும். வெளி ஓரத்துலேர்ந்து சுத்திச் சுத்தி உள்ள வராதீங்க, தவளை, முயல் எல்லாம் நடுவுல மாட்டிக்கும். நடுவுல ஆரம்பிச்சு வெளிய போங்க. மூணுல ஒரு பங்கை வெட்டாம பூச்சிங்களுக்கு விட்டுருங்க, வருஷா வருஷம் இடத்தை மாத்தி.

புல்லு அப்பவும் அடங்கலையா? யெல்லோ ராட்டில் விதைங்க, மஞ்சப் பூ பூக்கிற ஒட்டுண்ணிச் செடி அது. கரும்பு வேரை உறிஞ்சுற நம்ம சுடுமல்லியோட குடும்பம், இங்க புல்லு வேரை உறிஞ்சும். சதுர மீட்டருக்கு அரை கிராம்லேர்ந்து ஒரு கிராம். புல்லை ஒட்ட வெட்டி, பாதி மண்ணாவது தெரியற மாதிரி கீறிவிட்டு, இலையுதிர் காலத்துல தூவணும். குளிர்காலக் குளிர் படாம முளைக்காது, அதனால வசந்தத்துல தூவறது வீண். பழைய விதையும் வேணாம், ஒரு வருஷத்துலயே செத்துரும். ஆங், இது ஒரு வருஷச் செடி. காய் கலகலன்னு ஆடறதுக்கு முன்னாடி வெட்டினா அடுத்த வருஷம் ஒண்ணும் இருக்காது.

வாரினதை ஓரமா, ஓடைக்குத் தள்ளி, எப்பவும் ஒரே இடத்துல குவிங்க. இன்னும் உரம் உரம்னு சொல்றவங்க அந்தக் குவியல் பக்கம் போய்ப் பாருங்க. நெட்டில்னு தொட்டா அரிக்கிற செடி, உரம் ஏறின இடத்துல இடுப்பளவு நிக்கும், சொறிஞ்சுகிட்டே வந்து கமெண்ட் போடுங்க.